இனிக்காத சர்க்கரையின் எடை

டயாலிசிஸ் நடக்கும் வீட்டில் ஹெப்பாரின் என்ற பெயரை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடம்பை விட்டுக் குழாய் வழியாக மெஷினுக்குள் போய்த் திரும்புகிற ரத்தம் நடுவழியில் கட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த மருந்து வேண்டும். என் மாமனார் வாரம் மூன்று நாள் போகிறார். நான் வேலை பார்ப்பது மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில். என் மேசைக்கு அதிகம் வரும் சாம்பிளும் ஹெப்பாரின்தான். அது ஒரு வகைச் சர்க்கரை என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன்.

“ஏம்மா, எனக்கே சுகர் முந்நூறுல நிக்குது. இதுல ஊசியிலயும் சர்க்கரையா?”

“அது அந்தச் சர்க்கரை இல்ல மாமா. அஞ்சாயிரம் யூனிட்டுன்னாலும் முப்பது மில்லிகிராம்கூட வராது. உடம்பு அதைக் குளுக்கோஸா உடைக்கிறதும் இல்ல.”

சமாதானமாகிவிட்டார். அது பன்றிக் குடலிலிருந்து எடுப்பது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். மூன்றும் அவர் அசைவம் தொடாத நாட்கள்.

பன்றிக் குடலின் உட்சவ்வைச் சுரண்டி, புரதத்தைக் கரைத்து நீக்கி, பல கட்டம் சுத்தம் செய்தால் கிடைக்கும் வெள்ளைத் தூள்தான் ஹெப்பாரின். இதன் கதை 1916-ல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆரம்பிக்கிறது. ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடப் போய், உறையவிடாத ஒன்றில் வந்து நின்றார். அதில் சல்ஃபேட் ஏராளமாக இருப்பதை 1935-ல் ஸ்டாக்ஹோமில் எரிக் யோர்ப்பஸ் கண்டுபிடித்தார். ஒரு காலத்தில் மாட்டு நுரையீரலிலிருந்தும் எடுத்தார்கள். 1990-களின் பைத்திய மாட்டு நோய் பயத்தில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் மாட்டை விட்டன. பிறகு எல்லாம் பன்றி. பன்றி என்றால் பெரும்பகுதி சீனா.

இனி அந்தத் தூளுக்குள் போவோம். இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த நீளச் சங்கிலி அது. ஒன்று குளுக்கோசமைன். மற்றது குளுகுரோனிக் அமிலமாகவோ அதன் உடன்பிறப்பான இடுரோனிக் அமிலமாகவோ இருக்கும். சங்கிலியின் பல இடங்களில் சல்ஃபேட் தொங்கும். ஒவ்வொரு சல்ஃபேட்டும் ஓர் எதிர்மின்னூட்டம். சராசரியாக ஒரு ஜோடிக்கு இரண்டரை சல்ஃபேட், கூடவே அமிலத்தின் மின்னூட்டம் ஒன்று. உயிரினங்களில் கிடைக்கும் மூலக்கூறுகளில் இவ்வளவு நெருக்கமாக எதிர்மின்னூட்டம் சுமப்பது வேறொன்று இல்லை.

புரதத்துக்கு மரபணு என்ற அச்சு உண்டு. ஒரே புரதத்தின் லட்சம் பிரதிகளும் ஒன்றுபோலவே வரும். இந்தச் சர்க்கரைக்கு அச்சு கிடையாது. பூக்காரம்மா கூடையில் கைக்கு வந்த பூவை எடுத்துக் கட்டும் கதம்பம் மாதிரி, செல்லுக்குள் நொதிகள் சங்கிலி மேல் ஊர்ந்து இங்கே ஒரு சல்ஃபேட்டை வைக்கும், அங்கே விட்டுவிடும். அடுத்த சரம் வேறு மாதிரி இருக்கும். ஒரு ஜோடியில் எங்கெங்கே என்னென்ன மாறலாம் என்று கணக்குப் போட்டால் 48 வகை வருகிறது. எல்லாமும் இயற்கையில் கிடைப்பதில்லை. ஆனாலும் காகிதக் கணக்கில், ஐந்து ஜோடி நீளமுள்ள சின்னச் சங்கிலிக்கே 25 கோடிக்கு மேல் சாத்தியங்கள். குப்பியில் இருக்கும் சங்கிலிகளோ எடையில் 3,000 டால்டனிலிருந்து 30,000 டால்டன் வரை கலந்துகட்டி இருப்பவை.

எப்படி இருந்தால் என்ன, ரத்தம் உறையாவிட்டால் சரி என்று விட்டுவிட முடியாது. ஹெப்பாரின் வேலை செய்வதே ஐந்து சர்க்கரை நீளமுள்ள ஒரு குறிப்பிட்ட துண்டால்தான். ரத்தத்தில் இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதம் அதைத்தான் பிடிக்கும். அந்தத் துண்டின் நடுச் சர்க்கரையில், மூன்றாம் இடத்தில், அபூர்வமான ஒரு சல்ஃபேட் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பிடி நழுவிவிடும். குப்பியில் உள்ள சங்கிலிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் அந்தத் துண்டே இருக்கிறது. அதை மட்டும் தனியே, பன்றி இல்லாமல், ரசாயன முறையில் கட்டி ஃபோண்டாபாரினக்ஸ் என்று 2001-ல் மருந்தாகவே கொண்டுவந்தார்கள்.

நீண்ட காலம் ஹெப்பாரினின் வீரியத்தை அமெரிக்க மருந்துநூல் சோதித்த முறை இது: ஆட்டு ரத்தத்தின் பிளாஸ்மாவில் விட்டுப் பார், எவ்வளவு நேரம் உறையாமல் நிற்கிறது? எனக்கு அந்தச் சோதனை மேல் வெறுப்பு இல்லை. மலிவானது, வேலை செய்யும் மருந்தா என்பதை நேரடியாகச் சொல்லும். ஆனால் அது கேட்பது ஒரே கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தயாரித்து வைத்திருப்பவன் தேறிவிடுவான்.

2007 நவம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் டயாலிசிஸுக்கு வந்த பிள்ளைகளுக்கு முகம் வீங்கியது, நெஞ்சு படபடத்தது, ரத்த அழுத்தம் சரிந்தது. 2008 ஜனவரி முதல் வாரத்தில் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையத்துக்குத் தகவல் போனது. வேறு ஊர்களிலும் இதே கதை. எல்லாருக்கும் பொதுவாக இருந்தது ஹெப்பாரின். அந்த மாதமே மருந்தைத் திரும்பப் பெறத் தொடங்கினார்கள். ஒவ்வாமை அறிகுறிகளோடு நடந்த 81 மரணங்கள் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகத்துக்கு அறிக்கை வந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்த மருந்தே காரணம் என்று அறுதியிட முடியாது. நோயாளிகள் ஏற்கெனவே மோசமான நிலையில் இருந்தவர்கள்.

மருந்தோ எல்லாச் சோதனையிலும் தேறியிருந்தது.

மூலக்கூறுகளை எடைபோடும் என் கருவியான மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பற்றிப் பெருமை பேசத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அன்று திருடனைக் காட்டிக்கொடுத்தது என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவி. நல்ல ஹெப்பாரினில் அசிட்டைல் குழுவின் சிக்னல் 2.04-ல் ஒரு பீக்காக வரும். சந்தேகத்துக்குரிய சாம்பிளில் 2.15-லும் ஒரு பீக் நின்றது. அங்கே எதுவும் இருக்கக் கூடாது. 2008 மார்ச் 19-ல் அதன் அடையாளத்தை அறிவித்தார்கள்: அதிசல்ஃபேட் ஏற்றிய காண்ட்ராய்டின். சாதாரண காண்ட்ராய்டின் மூட்டுவலிக்கு விற்கும் மாத்திரைகளில் இருப்பதுதான். விலங்குகளின் குருத்தெலும்பிலிருந்து எடுப்பது, ஹெப்பாரினோடு ஒப்பிட்டால் அடிமாட்டு விலை. அதில் யாரோ ரசாயனம் செய்து ஜோடிக்கு நான்கு சல்ஃபேட் ஏற்றியிருக்கிறார்கள். இயற்கையில் அப்படியொரு பொருள் கிடையாது. ஆட்டுப் பிளாஸ்மாவில் விட்டால் அதுவும் ஓரளவு உறையவிடாது. முதலில் பார்த்த சாம்பிள்களில் 5 முதல் 20 சதவீதம் வரை அதுதான் இருந்தது.

தெரியாத்தனமாகக் கலந்த அழுக்கு அதுவாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். சோதனை எதைக் கேட்கும், எதைக் கேட்காது என்று அறிந்தவன் வேலை அது. 2006-லும் 2007-லும் சீனாவில் நீலக்காது நோய் வந்து பன்றிகள் கூட்டம் கூட்டமாக மடிந்திருந்தன, குடலுக்குத் தட்டுப்பாடு. எந்தக் கட்டத்தில், யார் கையால் கலந்தது என்று பொதுவெளியில் நிரூபணம் ஆகவே இல்லை.

கட்டமைப்பைத் துப்புத்துலக்கிய குழுவில் முன்னால் நின்றவர் பாஸ்டன் பக்கத்து எம்.ஐ.டி.யின் ராம் சசிசேகரன் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை). அவருடைய தந்தை வி. சசிசேகரன், 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன் இருவரோடும் சேர்ந்து, இன்று உலகம் முழுக்க ராமச்சந்திரன் வரைபடம் என்று படிக்கும் ஆய்வை எழுதியவர். அப்பா புரதத்தின் வளைவுகளைக் கணக்கிட்டார், மகன் சர்க்கரைச் சங்கிலிக்குப் போனார். அந்தப் போலிச் சர்க்கரை ரத்தத்தில் கல்லிக்ரீன் என்ற நொதியைத் தூண்டிவிடுகிறது, அதனால் பிராடிகைனின் பெருகி ரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் விழுகிறது என்பதையும் அவர்கள் 2008 ஏப்ரலில் வெளியிட்டார்கள்.

ஒன்றரை ஆண்டு கழித்து, 2009 அக்டோபரில், ஆட்டுப் பிளாஸ்மா சோதனையை அமெரிக்க மருந்துநூல் கைவிட்டது. என்.எம்.ஆர்., குரோமட்டோகிராஃபி எல்லாம் கட்டாயம் ஆயின.

அப்படியானால் மாஸுக்கு என்ன வேலை? என்.எம்.ஆர். மொத்தத்தில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும். அதற்குச் சாம்பிளும் நிறைய வேண்டும். ஒரு சங்கிலியில் எந்த ஜோடி எத்தனை, எது எதற்குப் பக்கத்தில் என்று கேட்டால், துளியூண்டு சாம்பிளில் பதில் சொல்லக்கூடியது மாஸ்தான். ஆனால் அதனிடம் பதில் வாங்குவதற்குள் உயிர் போய்விடும்.

நாங்கள் செய்வது இது. முதலில் ஹெப்பாரினை நறுக்க வேண்டும். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து கிடைக்கும் ஹெப்பாரினேஸ் நொதிகள் சங்கிலியை ஜோடி ஜோடியாக வெட்டித் தரும். வெட்டிய இடத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டாகும். அது 232 நானோமீட்டர் புறஊதாக் கதிரை உறிஞ்சும் என்பதால், வெட்டு நடக்கிறதா என்று திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். கோடு ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் படுத்துவிட்டால் வேலை முடிந்தது. (அந்தப் போலிச் சர்க்கரையை இந்த நொதியால் வெட்டவே முடியாது. வெட்டிய ஜோடிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவன் கண்ணில் அது பட்டிருக்காது.)

பிறகு அதை மாஸுக்குள் பறக்கவிட வேண்டும். மெல்லிய ஊசி முனையில் ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால் திரவம் பொடிச் சாரலாகத் தெறிக்கும், நீர் உலரும், மின்னூட்டத்தோடு மூலக்கூறு மட்டும் மிஞ்சி வெற்றிடத்துக்குள் போகும். ஜான் ஃபென் 2002-ல் நோபல் வாங்கியது இதற்குத்தான். கருவி நேரடியாக அளப்பது எடையை அல்ல, எடையை மின்னூட்டத்தால் வகுத்த எண்ணை. ஹெப்பாரினில் அதிகம் கிடைக்கும் ஜோடி, மூன்று சல்ஃபேட் கொண்டது. அது ஒரு மின்னூட்டத்தோடு வந்தால் 576-ல் நிற்கும், இரண்டோடு வந்தால் 287.5-ல். பக்கத்தில் இருக்கும் குட்டி ஐசோடோப்பு பீக் ஒன்று தள்ளி இருக்கிறதா, அரை தள்ளி இருக்கிறதா என்று பார்த்தே மின்னூட்டம் எத்தனை என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவு சுலபமாக முடிந்தால் எங்களுக்கு ஏன் சம்பளம்? எதிர்மின்னூட்டம் இருக்கும் இடத்தில் சோடியம் ஒட்டிக்கொள்ளும். ஒரு சோடியம் உட்கார்ந்தால் 576, 598 ஆகிவிடும்; இரண்டு என்றால் 620. நான்கைந்து இடம் உள்ள மூலக்கூறு ஐந்தாறு பீக்காகச் சிதறி, எதுவுமே உயரமாக நிற்காது. கண்ணாடியிலிருந்துகூட சோடியம் கசியும் என்பதால் பிளாஸ்டிக் குப்பிதான் வைக்கிறோம். புதிதாகச் சேரும் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் கண்ணாடிக் குப்பியை எடுப்பார்கள். “தம்பி, அதை அங்கயே வச்சிரு” என்று தினம் ஒருமுறையாவது யாராவது சொல்லும்படி இருக்கும்.

இன்னொரு தொல்லை, சல்ஃபேட் உதிர்வது. கொஞ்சம் சூடு கூடினாலும் சல்ஃபேட் கழன்று போகும். எடையில் 80 குறையும். 576 போய் 496-ல் ஒரு பீக் வரும். சிக்கல் என்னவென்றால், இயற்கையாகவே இரண்டே சல்ஃபேட் உள்ள ஜோடியும் அதே 496-ல்தான் நிற்கும். திரையில் 496 தெரிகிறது. அது உதிர்ந்ததா, பிறப்பிலேயே அப்படியா? எடையை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. அந்த இரண்டு சல்ஃபேட்டும் எந்த இரண்டு இடத்தில் என்பதும் தெரியாது. இரண்டு இடங்களைப் பல விதமாகத் தேர்ந்தெடுக்கலாம், எடை எல்லாவற்றுக்கும் ஒன்றே.

அதனால்தான் பறக்கவிடும் முன் பிரித்தாக வேண்டும். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் பாதிக்கும் மேற்பட்ட திறமை மாஸுக்கு வெளியே, அதற்கு முன்னால் நிற்கும் எல்.சி. என்ற திரவக் குரோமட்டோகிராஃபிக் குழாயில் இருக்கிறது. மின்னூட்டம் சுமந்த சர்க்கரைக்குத் தண்ணீர்தான் பிடிக்கும். எண்ணெய்ப் பாங்கான குழாயில் நிற்காமல் ஓடிவிடும். ஆகவே ட்ரைபியூட்டைல்அமீன் என்ற நேர்மின்னூட்டப் பொருளைக் கலக்கிறோம். ஒவ்வொரு சல்ஃபேட்டோடும் அது ஜோடி சேர்ந்து, சர்க்கரைக்குக் கொஞ்சம் எண்ணெய்க் குணத்தைக் கொடுக்கும். சல்ஃபேட் அதிகமுள்ளது அதிக நேரம் ஒட்டிக்கொண்டு நிற்கும். சல்ஃபேட் இல்லாதது முதலில் வெளியே வரும், மூன்று உள்ளது கடைசியில். இப்போது 496-ஐப் பாருங்கள்: 576 வரும் அதே நேரத்தில் வந்தால் உதிர்ந்தது, முன்னதாகவே வந்துவிட்டால் உண்மையான இரண்டு சல்ஃபேட் ஜோடி. எடை அப்படியே இருக்கிறது, வந்து சேர்ந்த நிமிடம்தான் ஆளை அடையாளம் காட்டுகிறது.

ட்ரைபியூட்டைல்அமீனுக்கு நாற்றமும் உண்டு, பிடிவாதமும் உண்டு. கருவிக்குள் ஒருமுறை போனால் வாரக்கணக்கில் போகாது. அதே மாஸில் வேறு மருந்தை நேர்மின்னூட்ட முறையில் ஓட்ட வருபவர்களுக்கு 186-ல் ஒரு பீக் மலைபோல் நிற்கும்; அது இந்த அமீன்தான். சாப்பாட்டு மேசையில் சண்டை வரும். இதற்காகவே சில ஆய்வகங்கள் வேறு வகைக் குழாய்க்கு, எளிதில் ஆவியாகும் அம்மோனியம் உப்புக்கு மாறிவிட்டன. பிரிவு கொஞ்சம் சுமார், அக்கம்பக்கத்தில் சமாதானம்.

ஜோடிகளை எண்ணுவது கணக்கெடுப்பு மட்டுமே; வரிசை தெரியாது. தவிர, கத்தியே ஒரு சாட்சியத்தை அழித்துவிடுகிறது. குளுகுரோனிக்கா இடுரோனிக்கா என்பது ஒரே ஒரு கார்பனில் அமிலக் குழு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் இருக்கிறது. நொதி வெட்டும்போது அந்தக் கார்பனில்தான் இரட்டைப் பிணைப்பு விழுந்து தட்டையாகிவிடும். இரண்டும் ஒன்றாகிவிடும். எனவே ஆராய்ச்சிக்காரர்கள் முழுத் துண்டையே படிக்கப் பார்க்கிறார்கள். 1990-களில் எம்.ஐ.டி.யில் கிளவுஸ் பீமன் ஒரு உபாயம் கண்டார்: அடம்பிடிக்கும் எதிர்மின்னூட்டச் சர்க்கரையோடு நேர்மின்னூட்டம் நிறைந்த பெப்டைடைச் சேர்த்துவிட்டால் சேர்ந்து பறக்கும், மொத்த எடையிலிருந்து பெப்டைடின் எடையைக் கழித்தால் சர்க்கரையின் எடை. அந்த வழியில் போய்த்தான் 1999-ல் சசிசேகரன் குழு, கிடைத்த எடைகளையும் கணினிக் குறியீட்டையும் வைத்துத் துண்டுகளின் வரிசையைக் கணிக்கும் முறையைக் கொண்டுவந்தது.

பறக்கும் துண்டை வாயு நிரம்பிய குழாயில் செலுத்தி, உருவத்தை வைத்துப் பிரிக்கும் அயனி நகர்வு முறையும் வந்திருக்கிறது. எடை ஒன்றானாலும் கச்சிதமாகச் சுருண்டது முன்னே போகும். துண்டை உடைக்கவும் புது வழி உண்டு. வழக்கமாக வாயுவில் மோதவிட்டு உடைப்போம்; சூடேறி, முதுகெலும்பு உடையும் முன் சல்ஃபேட் உதிர்ந்துவிடும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஜொனதன் ஆம்ஸ்டர் குழு, துண்டிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்குவதன் மூலம் உடைத்துக் காட்டியது. சல்ஃபேட் இருந்த இடத்திலேயே இருக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் சோடியம். மின்னூட்ட இடங்களில் வேண்டுமென்றே சோடியத்தை உட்காரவைத்தால் சல்ஃபேட் உதிர்வது குறைகிறது. பிளாஸ்டிக் குப்பி வைத்து விரட்டியவனையே காவலுக்கு வைக்கிறார்கள்.

2011-ல் ஆம்ஸ்டரும் ராபர்ட் லின்ஹார்ட்டும் சேர்ந்து, ரத்தத்தில் இருக்கும் பிகுனின் என்ற புரதத்தின் மேல் தொங்கும் காண்ட்ராய்டின் சங்கிலிகளைப் படித்தார்கள். அச்சே இல்லாமல் உருவாகும் சங்கிலி என்பதால் குழப்பமான கலவையை எதிர்பார்க்கலாம். நீளம் வேறுபட்ட சங்கிலிகள் எல்லாவற்றிலும் ஒரே ஒழுங்குதான் இருந்தது. அச்சு இல்லை என்று பாடப்புத்தகத்தில் படித்த எங்களுக்கு அது இன்னும் செரிக்கவில்லை. ஹெப்பாரின் பிகுனினை விடப் பல மடங்கு சிக்கல்; அதை இந்த மாதிரி முழுதாக யாரும் இன்னும் படித்துவிடவில்லை.

அன்றாட வேலைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2018-ல் சீனாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து மறுபடி பன்றிகள் அழிந்தபோது, மாட்டு ஹெப்பாரினைத் திரும்பக் கொண்டுவரலாமா என்ற பேச்சு அமெரிக்காவில் வலுத்தது. பிரேசில் போன்ற நாடுகளில் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டும் மருந்துதான், ஆனால் எடைக்கு எடை வீரியம் ஒன்றல்ல. பன்றி என்று எழுதிய குப்பியில் மாடு கலந்திருந்தால் அளவு தப்பும். டி.என்.ஏ. சோதனை உண்டு என்றாலும், தூளை வெளுத்துச் சுத்தம் செய்யும்போது டி.என்.ஏ. பெரும்பாலும் சிதைந்துவிடும். சர்க்கரை சிதையாது. மாட்டுக் குடல் ஹெப்பாரினில் குளுக்கோசமைனின் ஆறாம் இடத்து சல்ஃபேட் குறைவு. அதனால் கடைசியில் வரும் 576 சுருங்கி, அதற்கு முன்னதாக வரும் 496 பீக்குகளில் ஒன்று மட்டும் வளரும். எது என்று நிமிடத்தைப் பார்த்துச் சொல்லலாம். திங்கட்கிழமை காலையில் நான் ஓட்டும் முதல் வரிசை சாம்பிள்கள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்காகத்தான் வருகின்றன.